வீடுகளுக்கு அடியில் ஓடும் வளைவுகள்: பிரிட்டிஷ் ஸ்பீட்வேயின் பழைய தடங்களில் ஐந்து நாள்

முதல் நாள், வியாழன்: ஹை பீச், கஸ்டம் ஹவுஸ்

ஸ்பீட்வே தெரியாதவர்களுக்கு முதலில் நாலு வரி. 500 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டி, ஒரே கியர், பிரேக் கிடையாது, எரிபொருள் மெத்தனால். நாலு பேர், நாலு சுற்று, எப்போதும் இடப்பக்கமாக. ஒரு பந்தயம் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். முதல் மூவருக்கு 3, 2, 1 புள்ளிகள், கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் கால்பந்துக்கு நிகராகக் கூட்டம் சேர்த்த விளையாட்டு இது. அதன் பெரிய அரங்குகள் பெரும்பாலும் இன்று இல்லை. மண் மட்டும் இருக்கிறது. எங்கே நின்று எதைப் பார்ப்பது என்று தெரிந்தால் அந்த மண்ணிலிருந்தே நிறைய படிக்கலாம்.

தொடக்கம் எப்பிங் காட்டில். லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து சென்ட்ரல் லைனில் லவ்டன் நிலையத்துக்கு வர வேண்டும். லேட்டன்ஸ்டோனில் பாதை இரண்டாகப் பிரிகிறது. பெட்டியின் முகப்பில் ‘எப்பிங்’ என்று போட்டிருக்கும் ரயிலில்தான் ஏற வேண்டும். ஹெய்னால்ட் பக்கம் போகும் ரயிலில் ஏறினால் அரை மணி நேரம் வீண். லவ்டனில் இறங்கி ஹை பீச்சுக்குக் காட்டு வழியே மேடேறி நடக்கலாம். மழை பெய்த மறுநாள் என்றால் கணுக்காலுக்கு மேல் வரும் செருப்பு வேண்டும், களிமண் விடாது.

கிங்ஸ் ஓக் விடுதி இன்றும் இருக்கிறது. அதன் பின்புறம்தான் அந்தத் தடம். 1928 பிப்ரவரி 19 அன்று இல்ஃபோர்ட் மோட்டார் சைக்கிள் கிளப் சார்பில் ஜாக் ஹில்-பெய்லி நடத்திய பந்தயத்தையே பிரிட்டனின் முதல் ஸ்பீட்வே என்று பெரும்பாலோர் கொள்கிறார்கள். 1927-இலேயே கேம்பர்லியிலும் டிராயில்ஸ்டனிலும் பந்தயம் நடந்தது என்று வாதாடுபவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் கேம்பர்லியில் ஓடியது மணலில், அதுவும் வலச்சுற்றாக. டிராயில்ஸ்டனில் ஓடியது இடச்சுற்றாகத்தான். இடச்சுற்று, ஆஸ்திரேலியப் பாணி, பெருங்கூட்டம் மூன்றும் ஒன்று சேர்ந்தது ஹை பீச்சில்தான். எதிர்பார்த்தது மூவாயிரம் பேர். வந்தவர்கள் 15,000 என்றும் 30,000 என்றும் மதிப்பீடுகள் உண்டு. தடத்துக்கு வெளியே மட்டுமல்ல, உள்வட்டத்திலும் ஆட்கள் நின்றார்கள்.

அன்று பில்லி காலோவே, கீத் மெக்கே என்ற இரு ஆஸ்திரேலியர்கள் ஓட்டினார்கள். ஆனால் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டு வளைவைக் கடக்கும் வித்தையை இங்கிலாந்து அன்று முழுதாகப் பார்க்கவில்லை. காரணம் மண். ஹை பீச்சின் தரை இறுகிக் கிடந்தது. சறுக்குவதற்கு மேலே சில சென்டிமீட்டராவது தளர்ந்த பொருள் வேண்டும். டயர் அதில் பாதி புதைந்து, பாதி வழுக்க வேண்டும். வெறும் கெட்டித் தரையில் பின்சக்கரம் ஒன்று பிடித்துக்கொள்ளும், இல்லாவிட்டால் ஒரேயடியாக விட்டுவிடும். அந்த ஆண்டே மற்ற தடங்களில் நிலக்கரிச் சாம்பல்கட்டியை நொறுக்கிக் கொட்டினார்கள், வித்தை கைவந்தது. பிறகு வந்ததுதான் ஷேல் என்னும் செந்நிற உடைகல்.

மதியத்துக்குக் கிழக்கு லண்டன். லிவர்பூல் ஸ்ட்ரீட்டுக்குத் திரும்பி எலிசபெத் லைனில் கஸ்டம் ஹவுஸ். இங்கும் அபி வுட் கிளையில் போகும் வண்டியா என்று பார்த்து ஏறுங்கள். நிலையத்திலிருந்து பிரின்ஸ் ரீஜண்ட் லேன் வழியாக வடக்கே நடந்தால் ஒரு சாதாரணக் குடியிருப்பு வரும். தெருப் பலகைகளை மட்டும் படித்துக்கொண்டே போக வேண்டும்: வில்கின்சன் ரோடு, யங் ரோடு, க்ரூம்ப்ஸ் ரோடு, அட்கின்சன் ரோடு, லாசன் க்ளோஸ், ஹாஸ்கின்ஸ் க்ளோஸ். ப்ளூயி வில்கின்சன் 1938-இன் உலக சாம்பியன். ஜாக் யங் 1951, 1952 இரண்டு ஆண்டும் சாம்பியன். டாமி க்ரூம்ப்ஸ், ஆர்தர் அட்கின்சன், ஆப் லாசன் மூவரும் வெஸ்ட் ஹாம் அணிக்கு ஓட்டியவர்கள். ஜானி ஹாஸ்கின்ஸ் 1923-இல் ஆஸ்திரேலியாவின் வெஸ்ட் மெய்ட்லண்டில் பந்தயம் நடத்தி இந்த விளையாட்டுக்கு வழிபோட்டவர், பின்னாளில் வெஸ்ட் ஹாமை நடத்தினார்.

இங்கே நின்ற வெஸ்ட் ஹாம் அரங்கின் தடம் 415 கஜம், கிட்டத்தட்ட 380 மீட்டர். 1933-இல் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதிய டெஸ்டுக்கு 82,400 பேர் வந்ததாகக் கணக்கு. இதே அரங்கில் தேம்ஸ் என்றொரு கால்பந்து அணியும் ஆடியது. 1930 டிசம்பர் 6 அன்று லூட்டன் டவுனுக்கு எதிராக அது ஆடியபோது டிக்கெட் வாங்கியவர்கள் 469 பேர்! இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஸ்பீட்வே அன்று என்னவாக இருந்தது என்பது புரியும். 1972-இல் அரங்கை இடித்தார்கள்.

இரண்டாம் நாள், வெள்ளி: நியூ கிராஸ், விம்பிள்டன், வெம்ப்ளி

ஒரே நாளில் மூன்று இடம் என்பதால் காலை எட்டரைக்கே கிளம்புவது நல்லது. முதலில் லண்டன் பிரிட்ஜிலிருந்து சவுத் பெர்மண்ட்சி நிலையம். அங்கிருந்து நடந்து பிரிட்ஜ்ஹவுஸ் மெடோஸ் பூங்கா. மேடும் பள்ளமுமாகப் புல் மண்டிய இடம், நாயை நடத்திக்கொண்டு போகிறவர்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். நியூ கிராஸ் அரங்கு இங்கேதான் இருந்தது. அந்தத் தடத்தை ‘வறுசட்டி’ என்றே அழைத்தார்கள்: சுற்றளவு 262 கஜம், அதாவது 240 மீட்டர்தான்.

நேற்றுப் பார்த்த 415 கஜத்தையும் இந்த 262 கஜத்தையும் மனதில் வைத்துக்கொண்டு வண்டியை யோசியுங்கள். ஒரே கியர் என்பதால் தடத்துக்குத் தடம் பின்சக்கரப் பல்சக்கரத்தை மாற்றியாக வேண்டும். சின்னத் தடத்துக்குப் பல் எண்ணிக்கை கூடும். புறப்படும்போதும் வளைவு முடிந்து வெளியே வரும்போதும் இழுவை கிடைக்கும். ஆனால் நேர்பகுதியின் நடுவிலேயே எஞ்சின் கத்தத் தொடங்கிவிடும், அதற்கு மேல் வேகம் ஏறாது. பெரிய தடத்துக்குப் பல் குறையும். நேர்பகுதியில் ஓட்டம் நீளும், புறப்பாட்டில் எஞ்சின் அமுங்கும். ஒரே ஒரு பல் வித்தியாசத்தை வீரரால் உடனே உணர முடியும். உள்ளூர்க்காரர் தன் தடத்தில் அசைக்க முடியாதவராக இருந்ததற்குப் பாதிக் காரணம் இந்தப் பல் கணக்கு. மீதிப் பாதி, மண்ணில் எந்த இடம் எப்போது பிடிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நியூ கிராஸில் நேர்பகுதி என்றே சொல்ல முடியாது. ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். டாம் ஃபார்ண்டன் என்ற பெரும் வீரர் இங்கே மோதி விழுந்து 1935 ஆகஸ்டில் இறந்தார். இன்னும் இளைஞர். பூங்காவின் நடுவில் நிற்கும்போது நினைக்க வேண்டிய பெயர் அது.

நியூ கிராஸ் அணி 1934-இல் கிரிஸ்டல் பேலஸிலிருந்து இடம்பெயர்ந்து வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, ஃப்ரெட் மாக்ஃபோர்ட் நடத்திய கிரிஸ்டல் பேலஸில்தான், நாடாவை மேலே எழுப்பிப் பந்தயத்தைத் தொடங்கும் முறை வந்தது. அதுவரை நால்வரும் உருண்டுகொண்டே வந்து கோட்டைக் கடக்க வேண்டும். ஒருவர் முந்தினால் திரும்ப ஒரு முறை, மறுபடி ஒரு முறை என்று ஒரு பந்தயம் தொடங்கவே நேரம் பிடித்தது. நாடா வந்ததும் எல்லாம் கிளட்ச் விரல்களுக்கு மாறியது.

விம்பிள்டனில் அதிகம் பார்க்க இல்லை. ப்ளவ் லேனில் ஸ்பீட்வே 1928-இல் தொடங்கியது, 1991-இல் நின்றது, 2002 முதல் 2005 வரை ஒரு மறுபிறவி எடுத்தது. இப்போது அங்கே நிற்பது 2020-இல் திறந்த கால்பந்து அரங்கு. 1954 முதல் 1961 வரை எட்டு ஆண்டுகளில் ஏழு முறை லீக் கோப்பையை வென்ற விம்பிள்டன் டான்ஸ் அணி இந்த மண்ணில்தான் ஓட்டியது; ரோனி மூரும் பாரி பிரிக்ஸும் ஒரே அணியில் இருந்தால் வேறென்ன நடக்கும்! இடையில் நழுவிய 1957 கோப்பை ஸ்விண்டனுக்குப் போனது.

மாலையில் வெம்ப்ளி. பழைய அரங்கை 2003-இல் இடித்தார்கள், புதியது 2007-இல் திறந்தது. பழைய கற்கள் எதுவும் இல்லை. ஆனால் உலகப் போட்டியின் இறுதி 1936 முதல் 1960 வரை வேறெங்கும் நடக்கவில்லை. 1936 செப்டம்பர் 10 அன்று நடந்த முதல் இறுதிப் போட்டியின் கணக்கு இன்றும் ரசிகர்களைச் சண்டைக்கு இழுக்கும். வில்கின்சன் ஐந்து பந்தயத்திலும் முதலாவதாக வந்தார், 15 புள்ளி. ஆனால் தகுதிச் சுற்றுகளில் சேர்த்த ஊக்கப் புள்ளிகளையும் கூட்டும் விதி அப்போது இருந்தது. அவருக்கு 10, லயனல் வான் பிராக்குக்கு 12, எரிக் லாங்டனுக்கு 13. கூட்டிப் பார்த்தால் வில்கின்சன் 25, மற்ற இருவரும் தலா 26. யாரிடமும் தோற்காதவர் மூன்றாமிடம். அந்த இருவர் மட்டும் மோதிய தீர்மானப் பந்தயத்தில் வான் பிராக் கடைசி வளைவில் உள்ளே நுழைந்து வென்றார். இரண்டு ஆண்டு கழித்து வில்கின்சன் பட்டத்தை வாங்கிக்கொண்டதில் ஒரு நியாயம் இருந்தது என்பதே நம் கட்சி.

வெம்ப்ளியின் கடைசி இறுதி 1981 செப்டம்பர் 5. அமெரிக்கர் புரூஸ் பென்ஹால் வென்றார். கூட்டம் 90,000-க்கும் மேல். அந்தப் பந்தயங்களின் ஒளிப்பதிவைப் பார்த்துவிட்டு வெம்ப்ளி வே வழியாக நடந்தால் இடம் வேறு மாதிரி தெரியும்.

மூன்றாம் நாள், சனி: பிராண்டன், டட்லி வுட்

யூஸ்டனிலிருந்து கவன்ட்ரிக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பிராண்டன் கிராமம் ஊருக்குக் கிழக்கே இருக்கிறது, டாக்ஸி வசதி. 1928-இலிருந்து 2016 வரை இங்கே பந்தயம் ஓடியது. கவன்ட்ரி பீஸ் அணிக்கு நைஜல் பூகாக் பதினேழு ஆண்டுக்கு மேல் ஓட்டினார். ஓலே ஓல்சன் வந்த பிறகு 1978, 1979 இரு ஆண்டும் லீக் கோப்பை. அரங்கு பூட்டிக் கிடக்கிறது, பாழடைந்து, தீப்பிடித்து. வேலிக்கு வெளியே சாலையிலிருந்து பார்க்கலாம். உள்ளே போக அனுமதி இல்லை, இடிபாடு ஆபத்தானது, முயலவே வேண்டாம். வீடு கட்டக் கேட்ட அனுமதியை 2022-இல் ரக்பி நகரமன்றம் மறுத்தது.

இங்கே சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பிரிட்டிஷ் ஸ்பீட்வே பெரும்பாலும் வாடகைக் குடித்தனம் செய்த விளையாட்டு. வெளிவட்டத்தில் நாய்ப் பந்தயம், உள்வட்டத்தில் ஸ்பீட்வே. இடம் நாய்ப் பந்தயக் கம்பெனிக்கோ நில முதலீட்டாளருக்கோ சொந்தம். மனை விலை ஏறினால் முதலில் மூட்டை கட்டுவது குடித்தனக்காரர்தான். கூட்டம் குறைந்து மூடிய தடங்கள் உண்டு, மறுக்கவில்லை; தொலைக்காட்சியும் 1950-களின் பொழுதுபோக்கு வரியும் பல அணிகளைச் சாய்த்தன. ஆனால் நல்ல கூட்டம் இருந்தபோதே இடம் பறிபோன தடங்கள்தான் நெஞ்சை அறுப்பவை.

டட்லி வுட் அந்த வகை. ஓல்ட் ஹில் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம். கிராட்லி ஹீத் அணி 1947-இலிருந்து 1995 வரை இங்கே இருந்தது. இன்று முழுக்க வீடுகள். புரூஸ் பென்ஹால், எரிக் குண்டர்சன், யான் ஓ. பெடர்சன் என்று மூன்று உலக சாம்பியன்கள் இந்த ஒரே சிற்றூர் அணியின் நிறத்தில் ஓட்டினார்கள். 1981-இலும் 1983-இலும் லீக் வெற்றி. குண்டர்சன் மூன்று முறை உலக சாம்பியன்; 1989 செப்டம்பரில் பிராட்ஃபோர்டின் ஆட்சல் அரங்கில் நடந்த உலக அணிப் போட்டி இறுதியின் முதல் பந்தயத்தில் நால்வரும் மோதியதில் அவருடைய பந்தய வாழ்வு முடிந்தது.

இரவே மான்செஸ்டர் போய்விடுவது நல்லது. ஞாயிறன்று இங்கிலாந்தில் தண்டவாள வேலை அதிகம், ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள்.

நான்காம் நாள், ஞாயிறு: ஹைட் ரோடு

மிருகக்காட்சி சாலை, இசை அரங்கம், குத்துச்சண்டை, ராட்டினம் எல்லாம் ஒரே வளாகத்தில் இருந்த பெல் வ்யூ கேளிக்கைத் தோட்டத்தில் 1929 மார்ச்சில் திறந்தது ஹைட் ரோடு தடம். 418 கஜம், அகலமான வளைவுகள். பெல் வ்யூ ஏசஸ் 1933-இலிருந்து 1936 வரை தொடர்ந்து நாலு முறை லீக் வென்றது. 1970, 71, 72 மூன்று ஆண்டு ஐவன் மாகரோடு வென்றது. இரண்டாம் உலகப் போரின்போது மற்ற இடங்களில் அரங்குகள் பூட்டிக் கிடக்க, இங்கே சனிக்கிழமைப் பந்தயம் நிற்கவில்லை. 1987 நவம்பர் 1 கடைசி நாள். பின்பு அந்த இடத்தில் கார் ஏலக்கூடம் வந்தது. ஹைட் ரோடு ஓரமாக நடந்து வேலிக்கு அப்பால் வரிசையாக நிற்கும் கார்களைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

பீட்டர் கிரேவனை நினைக்காமல் இங்கிருந்து நகர முடியாது. 1955, 1962 இரு முறை உலக சாம்பியன். சிறிய உருவம். 1963 செப்டம்பரில் எடின்பரோவின் பழைய மெடோபேங்கில், முன்னால் விழுந்த வீரர்மேல் ஏறாமலிருக்க வண்டியைத் திருப்பி வேலியில் மோதினார். நாலு நாள் கழித்து இறந்தார்.

ஞாயிறு வேறு வேலை இல்லை, ஆகவே வண்டிகளைப் பற்றி. 1930-இல் ஜேஏபி எஞ்சின் வந்தது; டக்ளஸ், ரட்ஜ் இரண்டையும் ஓரங்கட்டிவிட்டு முப்பது ஆண்டுக்கு மேல் ஆண்டது. பிறகு செக்கோஸ்லோவாக்கியாவின் ஈசோ, அதுவே ஜாவா பெயருக்கு மாறியது. 1970-களின் நடுவில் சசெக்ஸின் ரை நகரத்து வெஸ்லேக் நாலு வால்வு எஞ்சினைக் கொண்டுவந்தது. 1976-இல் பெல் வ்யூவின் பீட்டர் காலின்ஸ் அதில்தான் உலகப் பட்டம் வென்றார். ஒரே ஆண்டில் இரண்டு வால்வு எஞ்சின்கள் பழசாகிவிட்டன. ஜாவாவும் நாலு வால்வுக்கு மாறியது, காடன் வந்தது, இத்தாலியின் ஜிஎம் வந்தது. 1990-களில் எஞ்சினை நிமிர்த்தி வைக்காமல் முன்பக்கமாகப் படுக்க வைத்தார்கள். எடை கீழே இறங்கியது, வண்டி வளைவில் சீக்கிரம் திரும்பியது.

பழைய ஜேஏபி ஒன்றைக் கண்காட்சியில் பார்த்தால் முதலில் கீழே பாருங்கள், எண்ணெய்ச் சொட்டு இருக்கும். அது பழுது அல்ல. பில்கிரிம் பம்ப் தரும் எண்ணெய் எஞ்சினுக்குள் ஒரு முறை போய்விட்டு வெளியே ஒழுகிவிடும், திரும்பிச் சுற்றாது. பம்ப் நின்றால் எஞ்சின் சிறிது நேரத்தில் இறுகிவிடும், ஆகவே அந்தச் சொட்டு இருப்பதே நல்லது. எண்ணெய் ஆமணக்கு எண்ணெய்தான். மெத்தனாலில் கலப்பது அதன் குணம். சாதாரண கனிம எண்ணெய் கலக்காது. ஸ்பீட்வேயின் பெயர்பெற்ற மணம் இந்த ஆமணக்கு எண்ணெய் எரிவதிலிருந்து வருகிறது. ஆனால் அதை வேலை முடிந்தும் உள்ளே விட்டால் பிசினாகிவிடும். மெத்தனால் ஈரத்தை இழுத்து கார்புரேட்டரை அரிக்கும். எனவே ஓட்டம் முடிந்ததும் மெத்தனாலை வடித்துவிட்டு, சிறிது பெட்ரோல் விட்டு எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்துவார்கள். பல பழைய எஞ்சின்கள் ஓடி அழியவில்லை, கழுவாமல் நின்றே அழிந்தன. மெத்தனாலின் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஐந்தாம் நாள், திங்கள்: கிர்க்மன்ஷூம் லேன்

1928-இல் பெல் வ்யூவின் முதல் பந்தயங்கள் நடந்தது கிர்க்மன்ஷூம் லேனில். 1988-இல் ஹைட் ரோட்டை இழந்து திரும்ப இதே தெருவுக்கு, நாய்ப் பந்தய அரங்குக்கு, வந்தார்கள். 2016-இல் அதன் பக்கத்திலேயே தேசிய ஸ்பீட்வே அரங்கு திறந்தது. தடம் 347 மீட்டர், இடம் 6,000 பேருக்கு. நாய்க்காகக் கட்டி ஸ்பீட்வேக்கு ஓரமாக இடம் விட்ட அரங்கு அல்ல, ஸ்பீட்வேக்காகவே கட்டியது. தொடக்கத்திலேயே சோதனை: 2016 மார்ச்சில் முதல் நிகழ்ச்சியாக வைத்த பீட்டர் கிரேவன் நினைவுப் போட்டியையே தட நிலை சரியில்லை என்று நிறுத்த வேண்டியதாயிற்று. புதுத் தடத்தில் மேல் ஷேலும் அடித்தளமும் ஒன்றோடொன்று இறுகாவிட்டால் சக்கரம் பறிக்கும், குழி விழும். அது பிறகு சீரானது; இன்று நாட்டிலேயே முந்திச் செல்ல மிகத் தோதான தடங்களில் ஒன்று.

பெல் வ்யூ ரயில் நிலையம் பக்கத்தில்தான், ஆனால் வண்டிகள் குறைவு. திரும்புவதற்குப் பஸ்ஸை நம்புவது மேல். சீசன் வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம் வரை. உள்ளூர்ப் பந்தயங்கள் பெரும்பாலும் திங்கள் இரவு, ஆனால் மழைக்கு மாற்றிவிடுவார்கள், காலையில் ஒருமுறை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போனால், வண்டிகளைத் தயார்செய்யும் இடமான பிட்ஸில் நடக்கும் வேலையைப் பார்க்கலாம். தண்ணீர் வண்டி எப்போது கடைசியாகச் சுற்றியது என்று கவனியுங்கள். தண்ணீர் குறைந்தால் புழுதி, தடம் வழுக்கும், அப்போது நாடாவில் முந்தியவரே கடைசிவரை முந்துவார். மிஞ்சினால் பள்ளம் விழும், வண்டி துள்ளும். சரியான ஈரத்தில் ஷேல் வெளிவேலிப் பக்கம் வாரி எறியப்பட்டு அங்கே பிடிப்புள்ள ஒரு கரை சேரும். மூன்று நாலு பந்தயங்களுக்கு அப்புறம் தைரியசாலிகள் அந்தக் கரையைத் தேடி வெளியே போவார்கள். டிராக்டர் வந்து அதை மறுபடி உள்ளே இழுத்துவிட்டதும் கணக்கு மாறும்.

நிற்க வேண்டிய இடம் முதல் வளைவு. நிறங்கள்: உள்ளூர் அணிக்குச் சிவப்பும் நீலமும், வெளியூர் அணிக்கு வெள்ளையும் மஞ்சளும். நிகழ்ச்சி நிரல் புத்தகமும் பேனாவும் கட்டாயம். புள்ளியை அந்தந்தக் கட்டத்தில் எழுதிக்கொண்டே போவதுதான் இங்கத்திய வழக்கம். 15 பந்தயம், பந்தயத்துக்கு ஆறு புள்ளி, மொத்தம் 90. பழைய நிரல்களில் 13 பந்தயம், 78 புள்ளி இருக்கும். சந்தையில் பழைய நிரல் வாங்குகிறவர்கள் இதை வைத்தே காலத்தை ஓரளவு கணிக்கலாம். பேனாவால் நிரப்பியதை மட்டம் என்று ஒதுக்காதீர்கள், சுத்தமான பிரதியைவிட அதில்தான் செய்தி அதிகம்.

ஓட்டுவதில் என்ன தவறும் என்பதையும் இங்கேயே பார்க்கலாம். வளைவில் இடது காலின் இரும்பு லாடம் தரையில் உரசும், முன்சக்கரம் வலப்பக்கம் திரும்பியிருக்கும், ஆக்சிலேட்டர் திறந்தே இருக்கும். பின்சக்கரம் சுழன்று வழுக்குவதுதான் வண்டியைத் திருப்புகிறது. பயந்து ஆக்சிலேட்டரைச் சட்டென்று மூடினால் டயர் திடீரென்று பிடித்துக்கொள்ளும், வண்டி நிமிர்ந்து நேரே வேலிக்கு ஓடும். முன்பு பலகையும் கம்பிவலையும் இருந்த இடத்தில் இன்று வளைவுகளில் காற்று நிரப்பிய வேலி இருக்கிறது. வீரரின் மணிக்கட்டில் ஒரு கயிறு. அவர் விழுந்தால் அது இழுபட்டு எஞ்சின் அணையும்.

முதல் வளைவில் நின்றால் உடையெல்லாம் சிவப்பாகும். வெளிர் நிறத்தில் உடுத்த வேண்டாம், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அறைக்குத் திரும்பியதும் துணியை அப்படியே காயவிட்டு மறுநாள் வெளியில் தட்டினால் ஷேல் உதிர்ந்துவிடும். ஈரத்தோடு தேய்த்தால் நூலுக்குள் இறங்கிவிடும், அப்புறம் போகாது.